கடலில் விழுந்த தொந்தி

கப்பல் சமையற்காரருக்கு நீச்சல் தெரியாது. கடலில் பிழைக்கிறவருக்கு இதைவிட வெட்கக்கேடு வேண்டுமா என்று மனைவி கல்யாணமான நாளிலிருந்து கிண்டல் செய்வாள். "நான் நனையாம இருக்கத்தானே கப்பல் இருக்கு" என்பார் மனிதர்.

போர் வந்து அவருடைய சரக்குக் கப்பலையும் இழுத்துக்கொண்டது. எங்கே போகிறோம், எதை ஏற்றுகிறோம் என்று மூச்சு விடக்கூடாது. ஒருமுறை வீட்டுக்கு "இங்கே ஒரே குளிர்" என்று எழுதிவிட்டார். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரி அந்த வரியையே கத்தரித்து எறிந்துவிட்டார். கடிதம் வந்ததும், பிள்ளைகள் இருவரில் இளையவன் அந்த ஓட்டை வழியாக அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு வேறு எதைத்தான் எழுதுவது? சமையலறையில் மாவு மூட்டைக்குப் பின்னால் குடியிருந்த எலியைப் பற்றி எழுத ஆரம்பித்தார். அதற்குத் தொந்தி என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு கடிதத்திலும் தொந்தியை ஆபத்தில் மாட்டிவிட்டு நிறுத்துவார், அடுத்ததில் தப்ப வைப்பார். மூத்தவள் வாசிக்க, இளையவன் நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்பான்.

கப்பல் மூழ்கிய செய்தியைக் கம்பெனி ஆள் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான். பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மனைவி நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நாளைக் கடத்தினாள். வாயைத் திறந்து சொல்லாதவரை அவர் உயிரோடு இருப்பார் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

அந்த நேரம் பார்த்தா அவருடைய கடிதம் வந்து சேர வேண்டும்? போர்க்காலத் தபால் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருந்தது. அவள் மறைப்பதற்குள் மூத்தவள் பிரித்து வாசித்துவிட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீரோடு தொந்தி கடலில் போய் விழுந்துவிட்டதாம். மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுவதாக முடித்திருந்தார்.

மூத்தவளின் முகம் வாடிப்போயிற்று. இளையவன் அசரவில்லை.

"எலிக்கு நீந்தத் தெரியும்க்கா. அப்பாவுக்குத்தான் தெரியாது. நல்லவேளை, அப்பா விழலை" என்றான்.

அம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. இருவரையும் இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு, கம்பெனி ஆள் சொன்னதைச் சொன்னாள். மூத்தவள் கதறிவிட்டாள். இளையவன் அழவே இல்லை. கடிதத்தை எடுத்துக் கடைசி வரியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தொந்தி கரைக்கு வந்துட்டா, அதை இனிமே நமக்கு யாரும்மா எழுதுவா?" என்று கேட்டான்.