ஆறாவது பிரதி

ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குளிக்க முடியாது. குளியலறைச் சன்னலில் கறுப்புத் துணி, தட்டுகளில் மருந்துத் தண்ணீர், கொடியில் கிளிப் மாட்டித் தொங்கும் ஈரப் படங்கள். என் வீட்டுக்காரர் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவர். மதிய இடைவேளையில் தெருவில் சுற்றித் தனக்கென்று எடுத்ததையெல்லாம் அங்கேதான் கழுவுவார். நான் கதவைத் தட்டினால், "ரெண்டே நிமிஷம்" என்று குரல் வரும். அவருடைய இரண்டு நிமிஷத்தில் ஒரு வாளித் துணி காய்ந்துவிடும்.

அவருக்கு ஒரு பழக்கம். யாரைப் படம் எடுத்தாலும், அந்த ஆள் கையில் ஒரு பிரதியைக் கொடுத்தால்தான் இவருக்குத் தூக்கம் வரும். சாயங்காலம் கவரை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று முணுமுணுத்தபடி நானும் நடப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த நடைக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சாயங்காலங்களுக்கு மனசு ஏங்குகிறது.

நாற்பது வருஷம் நெகட்டிவ்கள் பிஸ்கட் டப்பாக்களில் கிடந்தன. போன வருஷம் ஒரு கேலரிக்காரப் பெண் தேடி வந்தாள். இப்போதெல்லாம் வசதியானவர்கள் ஓவியம் வாங்குவதுபோலப் புகைப்படமும் வாங்கிச் சேகரிக்கிறார்களாம். ஏலம்கூட நடக்கிறதாம். எங்கள் தெருமுனை முடிதிருத்துபவர் ஆள் வராத ஒரு மதியத்தில் தன் நாற்காலியிலேயே, தோளில் துண்டோடு தூங்கிப்போன படம் அவளை அசரவைத்துவிட்டது.

"அஞ்சே அஞ்சு பிரதி போடலாம் சார். ஆறாவது உலகத்துலயே இருக்கக் கூடாது. அப்பதான் வாங்கறவங்களுக்கு மதிப்பு. ஒரு பெரிய சேகரிப்பாளர் இப்பவே கேட்டுட்டார். அவர் வாங்கினா மத்தவங்க தன்னால வருவாங்க" என்றாள்.

வேறு பிரதி இல்லை என்று ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருத்தி அவரைக் கலைஞர் என்று கூப்பிட்டிருக்கிறாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

டீயை வைக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, அவருக்கு ஒண்ணு குடுத்தோமே."

"யாருக்கு?"

"தூங்கினவருக்குத்தான்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "அது எப்படிப் பிரதியாகும்? அது அவரோட படம்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். கொடுத்ததைத் தன்னுடையது என்று நினைத்ததே இல்லை.

கேலரிப் பெண்ணுக்குப் போன் போட்டோம். "எப்படியாவது திருப்பி வாங்கிடுங்கம்மா. இல்லன்னா சேகரிப்பாளர் பின்வாங்கிடுவார்" என்றாள். கூச்சப்படாமல் கேட்கிற வாய் எனக்குத்தான் உண்டு என்பதால் நானே போனேன்.

முடிதிருத்துபவர் இறந்து வருஷங்கள் ஆகின்றன. கடையை இப்போது மகள் நடத்துகிறாள். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம் எல்லாம் வந்துவிட்டது. சுவரில் மட்டும் அந்தப் படம், ஓரம் பழுத்துப்போய்.

"வாங்க அத்தை, உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். சுற்றி வளைத்து, படம் பழசாகிவிட்டதே என்று ஆரம்பித்தேன்.

"அப்பாவுக்கு வேற படமே கிடையாது அத்தை. கேமராவைப் பார்த்தாலே ஓடிடுவார். தூங்கினதாலதான் மாமாகிட்ட மாட்டினார்" என்று சிரித்தாள். "என் பொண்ணு தாத்தாவை இதுலதான் பார்த்திருக்கா."

முடிவெட்டத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு அங்குலம் முடியை வெட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

"கேட்டியா?"

"கேட்கலை."

அவர் எழுந்து போய்ப் பத்திரத்தை இரண்டாகக் கிழித்தார். கேலரிப் பெண்ணிடம் போனில் விஷயத்தைச் சொன்னோம்; அன்றைக்கே சேகரிப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு நாள் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நடந்திருக்கும்.

மூன்றாம் நாள் கேலரிப் பெண் அந்தப் படத்தின் ஐந்து புதுப் பிரதிகளோடு வந்தாள்.

"மொத்தம் ஆறு பிரதின்னே எழுதிடுவோம் சார். உள்ளதைச் சொல்லி விப்போம், வர்றவங்க வரட்டும். பின்பக்கத்துல நம்பர் போடுங்க" என்று பென்சிலை நீட்டினாள்.

அவர் இரண்டிலிருந்து ஆறு வரை போட்டார்.

"ஒண்ணாம் நம்பர்?"

"அது கடைல இருக்கு" என்று செருப்பை மாட்டினார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் சாயங்காலத்தில் இருவரும் சேர்ந்து நடந்தோம்.

கடையில் சட்டத்தை இறக்கி, படத்தின் பின்பக்கம் 1/6 என்று எழுதினார். மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஆறுக்கு ஒண்ணா? அப்பா இதுலயும் ஃபெயிலா மாமா?"

"இல்லம்மா, இதுதான் முதல் பிரதி. மத்த அஞ்சும் இதுக்கு அப்புறம்தான்" என்றார். பிறகு, மறைக்கக் கூடாது என்று, அதற்கு இப்போது என்ன விலை கிடைக்கும் என்பதையும் சொன்னார்.

அவள் படத்தைக் கையில் வாங்கினாள். "எனக்கு விலை எதுக்கு மாமா? அப்பா கண்ணைத் திறந்திருக்கிற மாதிரி ஒண்ணு இருந்தா குடுங்க. பதிலுக்கு இதை நீங்களே எடுத்துக்கங்க."

அப்படி ஒரு படம் எங்கள் எந்த டப்பாவிலும் இல்லை. அவள் சட்டத்தைத் துடைத்துப் பழையபடி மாட்டினாள். நான் தெருவென்றும் பார்க்காமல் அழுதுகொண்டே நடந்தேன். பாதி வழியில் அவர் நின்றார்.

"ஒரு தடவை எழுப்பியிருக்கலாம்" என்றார்.