கீறல் இல்லாத தட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. முதியோர் இல்லத்தின் பன்னிரண்டாம் அறையில் ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக் ஒருவர் முழங்காலிட்டு, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, சுவரில் பிளக் பாயிண்டைத் தடவிக்கொண்டிருந்தார். போர்வையில் சுற்றி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருந்த ரெக்கார்டு பிளேயர் ஜன்னலோர மேசையில் மூடி திறந்து கிடந்தது. பிளக் பாயிண்ட் கையில் தட்டுப்பட்டது. ஒயர்தான் ஒரு முழம் போதவில்லை.

“எந்திரிங்கய்யா. உங்க முட்டிக்கு இதெல்லாம் ஆகுமா?” என்றபடி ஆயா உள்ளே வந்தாள். கையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். “துணி தேய்க்கிற ரூம்லருந்து எடுத்துட்டு வந்துட்டேன். பெரிய நர்ஸ் கேட்டா நான் சொல்லிக்கறேன்.”

“உனக்குப் புண்ணியமா போகும்மா.”

“புண்ணியம் கெடக்கட்டும். பாட்டு நல்லாருக்கணும், அவ்ளோதான்.”

பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கணக்கு டீச்சர், திரும்பாமலே கேட்டார். “பாட்டுக் கச்சேரி எத்தனை மணி நேரம்?”

“ஒரே பாட்டுதான் டீச்சர். ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்.”

“அதையும் அளந்து வச்சிருக்கீங்களாக்கும்” என்று சொல்லிவிட்டு டீச்சர் மெல்லத் திரும்பிப் படுத்தார். காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஜன்னலருகே சக்கர நாற்காலியில் மெக்கானிக்கின் அக்கா உட்கார்ந்திருந்தாள். எண்பதைத் தொடப்போகும் வயது. முகத்தில் பெரிய மாற்றமில்லை. அதே மேடான நெற்றி, அதே சின்ன வாய். அந்த முகத்துக்குள் குடியிருந்தவள்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். நான்கு மாதமாக அவளுக்குத் தம்பியை அடையாளம் தெரியவில்லை. ஒருநாள் அவரை டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டினாள். இன்னொரு நாள், “கரண்டு மீட்டர் வாசல்ல இருக்கு, பாத்துக்கங்க” என்றாள். ஆயாவோடு சேர்ந்து அவரும் சிரித்தார். பிறகு பஸ் நிறுத்தத்தில் நின்று இரண்டு பஸ்களை ஏறாமல் விட்டார்.

நாளைக் காலையில் அக்காவின் மகன் வந்து அவளைத் தன் ஊருக்கு அருகிலுள்ள இல்லத்துக்கு அழைத்துப்போகிறான். நல்ல பிள்ளை. அம்மாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? ஆனால் அது இரண்டு நாள் பயணம். அடைப்பெடுத்த இதயத்தை வைத்துக்கொண்டு தம்பி அவ்வளவு தூரம் போகக் கூடாது என்று அவருடைய டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இன்றுதான் கடைசி. கடவுளிடம் பேரம் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மனைவி படுத்த படுக்கையாய்க் கிடந்தபோதுகூட, உன் இஷ்டம் என்றுதான் கும்பிட்டார். இன்று காலை மட்டும் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டே வாய்விட்டுக் கேட்டார். ‘அவள் என்னைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு நிமிஷம். அப்புறம் கூட்டிக்கொண்டு போகட்டும்.’

அவரிடம் ஆயிரத்து நூறு சிங்கிள் தட்டுகள் இருந்தன. பக்கத்துக்கு ஒரு பாட்டாக, உள்ளங்கையை விரித்தால் தாங்கிக்கொள்ளும் அளவில் உள்ள பாப், ராக் தட்டுகள். எல்லாம் செருப்புப் பெட்டிகளில் நிமிர்த்தி அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் எந்தக் கடையில், எந்த மழையில் வாங்கியது என்று சொல்வார். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புவதுபோல் கிட்டார் தொடங்கும் தட்டு, வேலைக்கு உத்தரவு வந்த அன்று வாங்கியது. மூன்று பெண்கள் கைதட்டிக்கொண்டே பாடும் தட்டு, கல்யாணத்துக்கு முந்தின வாரம். லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்ட ஒரு தட்டுக்காக, லீவு போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறார். தட்டை விளிம்பில்தான் பிடிப்பார். பாட்டு பதிந்த பள்ளத்தில் விரல் பட்டுவிட்டால், குழந்தையின் கண்ணில் விரல் பட்டதுபோல் பதறுவார். அவருக்கு ஒரு விதி இருந்தது. சேகரிக்கிற எல்லோருக்கும் உள்ள விதிதான். ஒரு பாட்டுக்கு ஒரு பிரதி. சுத்தமான பிரதி கிடைத்தால் பழையதைத் தள்ளிவிட வேண்டும்.

இந்த ஆயிரத்து நூறுக்கும் முதல் தட்டை வாங்கியவள் அக்கா. அப்போது அவளுக்கு இருபத்தொன்று, அவருக்குப் பன்னிரண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாளெல்லாம் காதில் அடுத்தவர்களின் பேச்சு. எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் காசு போட்டால் தட்டு பாடும் ஜூக்பாக்ஸ் ஒன்று உண்டு. தேய்ந்துபோன தட்டுகளை மாதம் ஒரு முறை கழித்து, வாசலில் கூடையில் போட்டு விற்பார்கள். நடுவில் ஜூக்பாக்ஸுக்காகப் பெரிய ஓட்டை போட்ட தட்டுகள். முதல் சம்பளத்தில் அந்தக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓட்டையை அடைக்கத் தம்பி பிளாஸ்டிக் மூடியை வெட்டி ஒரு சில்லு செய்தான். அப்பா மாவு மில்லில் ராத்திரி ஷிப்டுக்குப் போன பிறகு, மாடி வீட்டின் பலகைத் தரையில் பிளேயரை வைத்து, அக்காவும் தம்பியும் ஆடினார்கள்.

அந்தத் தட்டில் ஒரு கீறல் இருந்தது. இரண்டாவது சரணத்தில் பாடகன் ஒரு சொல்லை இழுத்து உச்சிக்குக் கொண்டுபோவான். அந்த இடத்தில் ஊசி மாட்டிக்கொள்ளும். பாதிச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லி விக்கும். அப்போது அக்கா குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பாள். பலகை அதிர, ஊசி கீறலைத் தாண்டி ஓடும். நாளடைவில் அந்த மிதி பாட்டோடு சேர்ந்துவிட்டது. மூன்று விக்கல், ஒரு மிதி. இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாலும் கரண்டியோடு ஓடிவந்து மிதித்துவிட்டுப் போவாள். “உங்க வீட்ல ராத்திரி நேரத்துல என்னத்தை இடிக்கிறீங்க?” என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டபோது, “தம்பி கீழ விழுந்துட்டான்” என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் அவர், “உன் தம்பிக்குக் காலே இல்லையாம்மா?” என்று கேட்டார்.

இன்று அந்தப் பாட்டைத்தான் கொண்டுவந்திருந்தார்.

“அக்கா, கேக்குதா? போடப்போறேன்.”

அவள் மரியாதையாகத் தலையசைத்தாள். வீட்டுக்கு வந்த புது மனிதரிடம் தலையசைப்பது போல.

ஊசி இறங்கியது. கிட்டார் இரண்டு தட்டுத் தட்டி, பாட்டு எழுந்தது. முதல் சரணம் முடிகிறவரை அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. டீச்சரின் விரல்தான் போர்வைக்கு மேல் தாளம் போட்டது. இரண்டாவது சரணம் தொடங்கியபோது அக்காவின் முதுகு நிமிர்ந்தது. நாற்காலியின் கால்மிதியிலிருந்து அவளுடைய வலது கால் மெல்ல எழுந்தது. தானாகச் சோற்றைக்கூட அள்ளாத உடம்பில், அந்தக் கால் மட்டும் நேரம் தெரிந்து மேலே வந்து நின்றது. குதிகால் கீழே, விரல்கள் மேலே. இருபத்தொரு வயதுக் கால். அவள் கண்கள் பிளேயரிடம் வந்தன. அங்கிருந்து அவரை நோக்கி நகரத் தொடங்கின.

பாடகன் அந்தச் சொல்லை இழுத்தான். உச்சிக்குப் போனான். நிற்காமல், விக்காமல், வழவழவென்று அடுத்த வரிக்கு இறங்கிப் போய்விட்டான்.

கால் அப்படியே நின்றது. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நம்பிக் காலை வைத்தவளின் திகைப்பு அவள் முகத்தில் வந்தது. அவரை நோக்கி வந்துகொண்டிருந்த கண்கள் வழியிலேயே நின்றன. பாட்டு முடிவதற்குள் கால் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கியது. பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இது அந்தத் தட்டு இல்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பழைய தட்டு வியாபாரியிடம் இதே பாட்டின் புத்தம் புதுப் பிரதி கிடைத்தது. கடை உறையிலிருந்து ஒருமுறைகூட எடுக்காதது. ஒரு மயிரிழைக் கீறல் இல்லை. பழையதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். அந்த வியாபாரிக்குப் பழையது வேண்டியிருக்கவுமில்லை. அவர் கண்ணெதிரிலேயே அதன்மேல் டீ கிளாஸை வைத்தான். அதைப் பார்த்து இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார்.

“அப்போ இனிமே நான் மிதிக்க வேண்டாமாடா?” என்று கேட்டாள் அக்கா.

“வேண்டாம்க்கா. இனிமே காலை நீட்டி உக்காந்து நிம்மதியா கேளு.”

“நல்லதுதான்” என்றாள். அவர் மனைவியின் முதுகுவலியைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் போடச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அதை இவர் இந்த நிமிஷம்வரை கவனித்ததும் இல்லை.

“என்னாச்சுங்கய்யா?” என்றாள் ஆயா.

“ஒரு ஊக்கு இருக்காம்மா?”

அவள் தன் சேலை மடிப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். எதற்கென்று கேட்கவில்லை. கேட்காமல் கொடுக்கிற கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இரண்டாவது சரணம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். ஐம்பத்தைந்து வருஷமாகப் பள்ளத்தில் விரல் படாமல் பிடித்த கை ஊக்கை அங்கே வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு கீறினார்.

மறுபடி போட்டார். அந்த இடத்தில் வெறும் ‘டிக்’ என்றது, பாட்டு நிற்கவில்லை. அக்காவின் கால் அரை அங்குலம் எழுந்து, திரும்பப் படிந்தது. இன்னும் ஆழமாகக் கீறினார். இந்த முறை ஊசி துள்ளி, முன்னால் தாவிவிட்டது. உச்சிக்குப் போகும் சொல் இருந்த இடமே பாட்டிலிருந்து காணாமல் போய்விட்டது. லிப்ட் கயிற்றில் ஒரு நூல் தளர்ந்தாலும் விரலால் கண்டுபிடித்த மனிதருக்கு, ஒரு கீறலைத் திரும்பச் செய்யத் தெரியவில்லை.

ஆயாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். பாட்டு துள்ளிய இடத்தில், அவளாகவே குதிகாலைத் தூக்கித் தரையில் ‘டம்’மென்று மிதித்தாள். அக்கா திடுக்கிட்டு இரண்டு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆயா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பயந்துட்டாங்க. நான் ஒருத்தி.”

“பரவால்லம்மா” என்றார் அவர். “நீ சரியாதான் மிதிச்ச.”

டீச்சர் கட்டிலிலிருந்து சொன்னார். “நல்லா இருந்த பாட்டைக் கெடுத்துட்டீங்களே, சார்.” குரலில் கண்டிப்பு இல்லை. கூட்டல் எங்கே தவறிப்போனது என்று தெரியாத பிள்ளையிடம் பேசுவதுபோல் இருந்தது.

தட்டு முடிந்தும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அழக் கூடாது என்றுதான் நினைத்தார். அழுகை அவரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் வழிவதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆயா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டாள்.

அக்கா அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முன்னால் குனிந்து, அவர் முழங்கையைத் தொட்டாள்.

“உங்களைப் பாக்க யாரும் வரலையா?”

தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது.

“அழாதீங்க. இங்க நெறைய பேருக்கு அப்படித்தான். யாரும் வரமாட்டாங்க. பாவம், வேலை இருக்கும்.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எனக்குத் தம்பி இருக்கான். வருவான். ரொம்பச் சமத்து. அவன் வந்தா உங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்றேன். நான் சொன்னா கேப்பான்.”

“சரிங்க” என்றார் அவர். வேறெதைச் சொன்னாலும் அந்தத் தம்பியை அவளிடமிருந்து பிடுங்கியதாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

“இங்கயே உக்காருங்க. எங்கயும் போயிடாதீங்க. அவன் வர்ற நேரம்தான்.”

நடைபாதையில் டீ வண்டியின் சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு வந்து, அறையைக் கடந்து போனது. அவள் காதோர முடியை ஒதுக்கிக்கொண்டாள். மடியிலிருந்த போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அப்புறம் அவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டையின் மேல் பொத்தான் கழன்று கிடந்தது அவள் கண்ணில் பட்டது. இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல்கள் பொத்தானைத் தவறவிட்டு, மறுபடி தேடின.

அவர் முகவாயை உயர்த்திக் கொடுத்தார். அவள் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள், கண் மட்டும் கதவின் மேல்.