எந்தத் தம்பி

கேட்டின் கொண்டியைப் பிடித்தபடி இசைவாணி வழியை மறித்து நின்றாள். வெளியே சேவுகன் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"எப்டி இருக்காரு?"

"அப்டியேதான் மாமா. கஞ்சி எறங்கல. நேத்து கோயில்லேருந்து சாமியாரு வந்து கடைசி எண்ணெய் பூசிட்டுப் போனாரு."

"பேச்சு?"

"பேச்சுக்கு என்ன கொறச்சல்."

சேவுகன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம் மாமா என்று சொல்வதற்காகத்தான் வாசலுக்கு வந்திருந்தாள். விடியற்காலையில் குவைத் விமான நிலையத்திலிருந்து தம்பி பிராங்க்ளின் கூப்பிட்டிருந்தான். "அக்கா, நாலு மணிக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் அந்தச் சர்வேயர் மாமாவ உள்ள விடாத. உசுரு போற நேரத்துல ஏசு இருந்தாரா இல்லையான்னு பேசிக்கிட்டிருந்தா அப்பா ஆத்துமா என்னத்துக்கு ஆகும்?" சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

அப்பா ஆரோக்கியதாஸ் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஆவூரில் மாதா கோயில் நிலத்துக்கு எல்லைத் தகராறு வந்தபோது அளக்க வந்த அரசாங்க சர்வேயர்தான் சேவுகன். அளந்து முடித்து டீ குடிக்கையில், "எடத்துக்கு ஆவணமெல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்க வாத்தியாரே. ஒங்க சாமிக்கு இருக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டார். அப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு அன்னவாசலுக்குப் பஸ் ஏறிப் போய், ரோமாபுரியின் வரலாற்றாசிரியர் ஒருவர் கிறிஸ்தவர்களைத் திட்டி எழுதியிருப்பதைச் சொன்னார். "நம்மாளு எழுதினா சந்தேகப்படலாம். இவன் நமக்கு ஆகாதவன். ஆகாதவனே கிறிஸ்துன்னு ஒருத்தரக் கவர்னர் பிலாத்து கொன்னாருன்னு எழுதிருக்கான்."

சேவுகன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஆவூருக்கு வந்தார். "எழுதினது எண்பது வருஷம் கழிச்சு. யாரையோ கேட்டு எழுதிருக்கான். பக்கத்து வயக்காரன் சொன்னான்னு நான் கல்லு நட முடியுமா?"

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. அற்புதங்களைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது, கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போகக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். யூத வரலாற்றாசிரியர் ஒருவரின் எழுத்தில் இயேசுவைப் பற்றி நாலு வரி இருக்கிறது என்று அப்பா கொண்டுவந்தபோது, பின்னால் வந்த யாரோ அதில் கைவைத்திருக்கிறார்கள் என்பதைச் சேவுகன் எப்படியோ தேடிப் பிடித்துவிட்டார். "நிலக் கணக்கு அடங்கல்ல பேனாவால சேத்த மாதிரி சேத்துருக்கான் வாத்தியாரே." அப்பா ஒப்புக்கொண்டார். "சேத்தது நெசந்தான். ஆனா சேக்குறதுக்கு மொதல்ல ஒரு வரி இருந்துருக்கணும்ல?" இயேசுவின் சீடர் தோமையார் தமிழ்நாட்டுக்கு வந்தாரா என்பதில் ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. அதில் மட்டும் இருவரும் பக்கம் மாறிக்கொண்டார்கள். ஆதாரம் போதாது என்று அப்பாவும், கப்பல் போய்வந்த காலத்தில் அந்த மனுஷன் ஏன் வந்திருக்கக் கூடாது என்று சேவுகனும் மல்லுக்கு நின்றார்கள்.

இசைவாணிக்கு இந்த வாதங்கள் எல்லாம் தலைகீழாகப் பாடம். கல்யாணமாகி இலுப்பூருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் இந்தப் பத்து வருஷத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் காதில் அந்தக் குரல்கள் கேட்கும். பிராங்க்ளினுக்கு அது பிடிக்காது. குவைத்தில் ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்த பிறகு சுத்தமாகப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், "விசுவாசத்துக்கு எதுக்குப்பா ஆதாரம்?" என்று போனில் கேட்டான். "அப்ப அடுத்த தடவ பாஸ்போர்ட்ட வீட்ல வச்சுட்டு ஏர்போர்ட்டுக்குப் போ தம்பி," என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு அவனைச் சுட்டுவிட்டது. அதன் பிறகு அக்காவிடம்தான் பேசுவான். அப்பா கிட்டே போனைக் கொடு என்று கேட்டதில்லை.

"யாரு, சர்வேயரா?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது. "வாசல்ல என்ன அளந்துக்கிட்டு இருக்கீங்க? உள்ள வாங்க."

இசைவாணி கொண்டியை விட்டாள்.

கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே கட்டில். முதுகுக்கு இன்னொரு தலையணை கொடுத்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. இனிமேல் டயாலிசிஸ் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு வந்து ஆறு நாள் ஆகிறது. முகம் வீங்கியிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"தம்பி பிளைட்டு ஏறிட்டானா ஆத்தா?" காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"ஏறிட்டான்ப்பா. சாயங்காலம் வந்துருவான்."

"சரி." அவர் சேவுகன் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு ஒன்னு வச்சிருக்கேன். இத்தன வருஷம் எடுக்கல. எடுத்தா எங்க சாமியாரு சங்கடப்படுவாரு."

சேவுகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எடுங்க. பாப்போம்."

"சின்னப்பர், அதான் பவுல், ஜெருசலேமுக்குப் போறாரு. ஏசு செத்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எண்பது வருஷம் இல்ல. அங்க போயி ஒருத்தரப் பாத்தேன்னு தன் கையாலயே கடிதாசில எழுதுறாரு. யாரப் பாத்தாரு தெரியுமா?"

"யார?"

"ஆண்டவரோட தம்பிய." அப்பா மூச்சு வாங்கினார். "இல்லாத ஆளுக்குத் தம்பி எங்கேருந்து வருவான் சர்வேயர்?"

சேவுகன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "மாதாவுக்கு ஒரே புள்ளைன்னுதானே நீங்க சொல்லுவீங்க? அவரு சித்தி மகன்னு ஒங்க கோயில்ல சொல்லிக் கேட்டுருக்கேன்."

"அதுனாலதான் எடுக்கல. சரி, சித்தி மகன்னே வச்சுக்கங்க. இல்லாத ஆளுக்குச் சித்தி மகன் மட்டும் இருப்பானா?"

இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேவுகன் எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலடிச் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரே," சேவுகன் கட்டிலருகே குனிந்தார். "கட்சிக்காரங்க ஒருத்தர ஒருத்தர் தோழர்னு கூப்பிட்டுக்குறாங்க. அந்த மாதிரி, அந்தக் கூட்டத்துல பெரிய ஆளுக்கு ஆண்டவரோட தம்பின்னு ஒரு பட்டமா இருந்தா? அப்ப ரத்த சொந்தம்னு எப்டிச் சொல்வீங்க?"

அப்பா கண்ணைத் திறந்தார். முகம் முழுக்க மலர்ந்தது. நல்ல கேள்வி கேட்ட பையனைப் பார்க்கும் வாத்தியார் முகம். வலது கையின் சுட்டுவிரலைத் தூக்கினார்.

"தம்பி..." என்றார்.

அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். விரல் மெல்லத் தாழ்ந்து போர்வையில் படிந்தது. சேவுகன் பதிலுக்காக இன்னும் குனிந்தே நின்றார். இசைவாணிதான் முதலில் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மாமா," என்றாள்.

சேவுகன் நாற்காலியில் உட்கார்ந்தார். "பதில் சொல்லாமப் போயிட்டாரே," என்றார்.

பிச்சையம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தாள். ஒரு பார்வையில் விஷயம் புரிந்தது. "தம்பின்னு மகனக் கூப்ட்டுட்டே போயிட்டாரே எஞ்சாமி," என்று அவள் வைத்த குரல் தெருக்கோடி வரை போயிற்று.

நாலு மணிக்குக் கார் வந்து நின்றபோது பிராங்க்ளின் அழவில்லை. விறைத்த முகத்தோடு இறங்கி, பந்தலுக்குள் சேவுகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அக்காவை ஒரு முறை முறைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் பிச்சையம்மாள் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, ஒன்னயத்தான்ப்பா கூப்ட்டாரு. கடைசிப் பேச்சு அதான். என் ரெண்டு காதால கேட்டேன்."

அவன் அக்காவைப் பார்த்தான். "நெசமாவா? அப்பா தம்பின்னா சொன்னாங்க?"

"ஆமா," என்றாள் இசைவாணி. "சொன்னாரு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, அப்பாவின் காலில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினான். நிமிர்ந்தபோது அந்த விறைப்பு எங்கோ போயிருந்தது. முகத்தில் இரண்டு வருஷ பாரம் இறங்கினாற்போல ஒரு நிம்மதி. சேவுகன் எதையோ சொல்ல எழுந்தார். இசைவாணி ஒரு டீ கிளாஸைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தாள். அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

பொழுது சாய்வதற்குள், ஊர்ப் பேச்சில் வாத்தியார் மகனை மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். ராத்திரி வந்தவர்களிடம், மகன் வரும் திசையைப் பார்த்துக் கையை நீட்டினார் என்றார்கள். மறுநாள் அடக்கப் பூசையில் சாமியார், "நம் ஆசிரியர் தொலைவிலிருந்த மகனை ஆசீர்வதித்து, அவர் பெயரைச் சொல்லியபடியே இறைவனிடம் சென்றார்," என்று பிரசங்கம் செய்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பழைய மாணவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் சேவுகன் குனிந்து ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்குவதை இசைவாணி திரும்பிப் பார்த்தாள். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து கூட்டம் கலைந்து திரும்புகையில் அவர் அவள் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார். சிரித்துத்தான் இருக்கிறார். கண்ணும் சிவந்திருந்தது.

"எண்பது வருஷம் கழிச்சு எழுதினா எப்டிச் செல்லும்னு ஒங்கப்பாகிட்ட எத்தன தடவ கேட்டுருப்பேன். எண்பது வருஷம் எதுக்கு? ஒரு ராத்திரி போதும் போல. இத அவருகிட்டச் சொல்ல முடியலையே."

"சொல்லிருந்தா என்ன சொல்லிருப்பாரு தெரியுமா மாமா?"

"என்ன?"

"பிச்சையம்மா அக்கா கொஞ்சம் சேத்துச்சு, சாமியாரு கொஞ்சம் சேத்தாரு. ஆனா ஆரோக்கியதாஸ்னு ஒருத்தரு இருந்தாரு. தம்பின்னு ஒரு சொல்லு சொன்னாரு. அது ரெண்டும் யாரும் சேத்தது இல்லையே?"

சேவுகன் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் அவளை உற்றுப் பார்த்தார். நேற்று கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கும் நடந்தாரே, அதே தவிப்பு முகத்தில் தெரிந்தது.

"அது சரி," என்றார் கடைசியில். "ஆனா பிராங்க்ளினுக்கு உள்ளதச் சொல்ல வேணாமா? எந்தத் தம்பியச் சொன்னாருன்னு ஒனக்கும் எனக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாது மாமா."

"நான் நேர்ல பாத்தேன் ஆத்தா. எங்கேள்விக்குத்தான் வாயெடுத்தாரு."

"நீங்க கேட்டது ஒரு சொல்லு. அர்த்தம் நீங்க போட்டது. நேத்துக் காலைலேருந்து தம்பி ஏறிட்டானா, தம்பி ஏறிட்டானான்னு எத்தன தடவ கேட்டாரு, ஒங்க முன்னாடியும் கேட்டாரே? ரெண்டுல எதுன்னு எத வச்சுச் சொல்றது?"

சேவுகன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். "இத்தன வருஷம் அடுப்படிலேருந்து இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தியா நீ?"

வீட்டு வாசலில் அவர் வண்டியை எடுக்கும்போது பிராங்க்ளின் வெளியே வந்தான். ஏழாம் நாள் பூசைக்குக் கார்டு அடிக்கக் கொடுக்க வேண்டும். இலுப்பூர் வழியாகத்தானே போகிறீர்கள், என்னையும் அங்கே இறக்கிவிட முடியுமா என்று கேட்டான். அவரிடம் அவன் நேராகப் பேசியே பல வருஷம் இருக்கும்.

"வா தம்பி," என்றார் சேவுகன்.

பின்சீட்டில் ஏறப் போனவன் தயங்கி நின்றான். "மாமா, என்னயக் கூப்புடுறதுக்கு முன்னாடி அப்பா ஒங்ககிட்ட என்னதான் பேசிக்கிட்டு இருந்தாங்க?"

சேவுகன் இசைவாணியைப் பார்த்தார். அவள் கேட்டை இழுத்துச் சாத்தினாள்.

"இல்லாத ஆளுக்குச் சொந்தக்காரன் இருப்பானான்னு என்னயக் கேட்டாரு."

பிராங்க்ளின் புருவத்தைச் சுருக்கினான். "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏறு. போற வழில சொல்றேன்."

வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. இசைவாணி கேட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்மாய்க் கரை திரும்புகிற இடத்துக்குப் போவதற்குள் சேவுகனின் இடது கை ஹேண்டில்பாரை விட்டு எழுந்து காற்றில் எதையோ கோடு போட்டுக் காட்டியது. வண்டி மெதுவானது. இன்னும் மெதுவானது. பிறகு ஓரமாக நின்றேவிட்டது. பிராங்க்ளின் இறங்கி முன்பக்கம் வந்து, இரண்டு கையையும் விரித்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான்.