குப்பை வண்டி திரும்பி வந்த வியாழக்கிழமை

1

மாமாவைக் காணவில்லை. மழை. குப்பை வண்டி போய்விட்டது. என் கையில் அவருடைய குடை மட்டும்

[இல்லை. குடை வாசல் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் வரியிலேயே அழகுக்காகப் பொய் சொல்லிவிட்டேன். மறுபடியும்.]

மாமாவைக் காணவில்லை. குப்பை வண்டி போய்ப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. சந்து முனை வரை ஓடினேன், பின்படிக்கட்டில் பார்த்தேன், பூட்டியிருந்த சலூனுக்குள்கூடக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். "வாளியோட இங்கதானே நின்னான்," என்றார் எதிர்வீட்டு லின் அத்தை. "எங்க போயிடப் போறான், வந்துருவான்." அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நான் மறுபடியும் சந்து முனைக்கு ஓடினேன். ஏனென்றால், மாமா வழி தெரியாமல் போகக்கூடும் என்று அந்தச் சந்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே நிறுத்தி, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். நாளை காலை கொண்டுபோக வேண்டும். அதில் ஒரு கேள்வி: "மாற்றத்தை முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள்?" பதிலுக்கு விட்டிருக்கும் இடம் என் சுண்டுவிரல் நீளம். அதில் அடங்காததை இந்த நோட்டில் எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். நீங்களாவது விழித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

2

மாமாவின் பெயர் யோங்-ஃபூ. அம்மாவின் தம்பி. வயது நாற்பத்தேழு. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர். பகலில் ஒரு தொழிற்கூடத்தில் சோப்புப் பெட்டி மடிக்கிறார். அங்கே அவரைப் போல இன்னும் பதினெட்டுப் பேர். சாயங்காலம் ஏழு பத்துக்கு எங்கள் சந்துக்கே அதிகாரி ஆகிவிடுவார்.

தைவானில், எங்கள் கீலுங் ஊரில், குப்பையைத் தெருவில் வைத்துவிட்டு வர முடியாது. வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பையைத் தூக்கிக்கொண்டு நாம்தான் ஓட வேண்டும். சமைத்த மிச்சம் ஒரு வாளி, அது பன்றிகளுக்கு. சமைக்காதது இன்னொரு வாளி, அது உரத்துக்கு. யார் பையில் எது தப்பாக இருந்தாலும் மாமா விடமாட்டார்.

"லின் அக்கா, இது எலும்பு! உரத்துல எலும்பா?"

"ஐயோ, போலீஸ் வந்துட்டாரு! கண்ணு தெரியல ஐயா, இந்த ஒரு தடவை மன்னிச்சுருங்க."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

"டேய், உன் அக்காவுக்குக்கூட நான் இவ்ளோ பயந்தது இல்லடா!"

[இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. ரொம்ப நல்லவராக வந்துவிட்டார். நிஜ மாமா என் புட்டிங்கைத் திருடித் தின்றுவிட்டு, காலிக் கிண்ணத்தை என் தலையணைக்கடியிலேயே ஒளித்து வைப்பவர். கேட்டால், "உன் தலகாணி, உன் கிண்ணம்" என்பார்.]

3

மார்ச் பதினொன்று. மறுநாள் கணக்குப் பரீட்சை, அதனால்தான் தேதி மறக்கவில்லை. மாமா முட்டை ஓட்டைப் பன்றி வாளியில் போட்டார்.

"மாமா, அது பன்னிக்கு."

அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பதில் தெரியாத பரீட்சைத்தாளை வாங்கியதும் நான் சிரிக்கும் சிரிப்பு அது.

அடுத்த வாரம் தேயிலைச் சக்கை. அதற்கடுத்த மாதம், வண்டிப் பாட்டுக் கேட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "சோம்பேறி மாமா, எந்திரிங்க!" அம்மா சொன்னாள்: "விடுடி, அவன் எப்பவும் பிடிவாதம்தானே." சளிக்காகப் போன கிளினிக்கில் டாக்டரும் அதையே வேறு மாதிரி சொன்னார்: "இவங்க இப்படித்தான் இருப்பாங்க."

எனக்கு வேறொரு பயம். இதில் தப்புச் செய்கிறார் என்று தெரிந்தால் தொழிற்கூடத்திலும் நிறுத்திவிடுவார்களோ? அம்மா அவரை ஏதாவது விடுதிக்கு அனுப்பிவிடுவாளோ? அதனால் தினமும் ஏழு மணிக்கு, மாமா செருப்புத் தேடும் நேரத்தில், படிக்கட்டில் உட்கார்ந்து வாளிகளை நானே சரியாகப் பிரித்து வைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வெறுங்கையால், ஆறு மாதம்.* மாமா ஒரு தப்பும் செய்யாத மாமாவாகவே சந்துக்குத் தெரிந்தார்.

* அப்போது எனக்கு அதில் பெருமை. இதை அடிக்குறிப்பில் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

4

ஜூன் மாதம் தொழிற்கூடத்திலிருந்து மிஸ் லுவோ வீட்டுக்கு வந்தார். மாமாவை அவருடைய முப்பத்தைந்தாவது வயதிலிருந்து பார்ப்பவர். வருஷா வருஷம் மாமா பிறந்தநாளன்று வீடியோ எடுப்பார். கேக் வெட்டுவதை எடுக்கமாட்டார். பெட்டி மடிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, சக ஆட்களின் பெயர் சொல்வது. ஒவ்வொரு வருஷமும் அதே மூன்று.

"மத்தவங்களோட ஒப்பிட்டா ஒண்ணும் தெரியாது. போன வருஷ யோங்-ஃபூவோடதான் இந்த வருஷ யோங்-ஃபூவ ஒப்பிடணும். இவங்களுக்கு மறதி நோய் நாப்பதுகள்லயே வரலாம். பெட்டி மடிக்கறதுல நடுவுல நின்னுடறாரு. வீட்ல எப்படி?"

"வீட்ல ஒரு குறையும் இல்ல," என்றாள் அம்மா. "குப்பையப் பிரிக்கறான் பாருங்க, நான்கூட அவ்ளோ சரியா செய்யமாட்டேன்."

நான் பக்கத்திலேயே நின்றேன். என் நகத்துக்குள் முட்டை ஓடு இருந்தது. நான்

[இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றும்படி முடிக்காதீர்கள்.]

5

வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

எட்டரை மணி. அம்மா வந்துவிட்டாள், போலீஸுக்குச் சொல்லியாயிற்று, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் தேடுகிறோம். அப்போது குப்பை வண்டியின் பாட்டுக் கேட்டது.

அந்த நேரத்தில் வண்டி வரவே வராது. ஆனாலும் பழக்கம் விடுமா? எல்லா மாடியிலும் விளக்கெரிந்தது. ஒருவர் பைஜாமாவில் ஓடி வந்தார், லின் அத்தை கையில் கிடைத்த காலி அட்டைப்பெட்டியோடு ஓடி வந்தார். "இன்னிக்கு ரெண்டாவது வண்டியா? என்னய்யா இது?"

வண்டியின் முன்சீட்டில், வண்டியோடு வரும் ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவருடைய மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு, மடியில் வாளியோடு மாமா. பாட்டு எங்கே போனதோ அங்கேயே நடந்திருக்கிறார், ஐந்து தெரு.

"பேரக் கேட்டா சொல்றாரு, வீட்டக் கேட்டா சொல்லத் தெரியல," என்றார் கோட்டைக் கொடுத்தவர். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. "எந்தத் தெருன்னு எங்களுக்கும் ஞாபகம் இல்ல. அதான் வந்த வழியே ஒவ்வொரு சந்தாப் பாட்டப் போட்டுக்கிட்டு வந்தோம். பாட்டுப் போட்டா ஜனம் வெளிய வந்துதானே ஆகணும்?"

அம்மா குனிந்து கும்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"சரி சரி, போதும்க்கா. அந்தப் பெட்டியக் குடுங்க, வந்தது வந்தோம், எடுத்துட்டுப் போறோம்."

மாமா இறங்கியதும் லின் அத்தையின் பெட்டியைத் திறந்து பார்த்தார். "எலும்பு இல்ல," என்றார் திருப்தியாக.

அந்த ஆள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். இந்தக் கதையில் பெயரில்லாமல் அவர் நனைந்து நிற்கிறார். எனக்குக் கதை எழுத வந்தால் முதலில் அவருக்கு ஒரு துண்டு கொடுப்பேன்.

6

மறுநாளே மிஸ் லுவோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்று எழுத வேண்டாம்.

"மறைச்சது தப்பு," என்றார் அவர். "ஆனா குட்டி, தினமும் அந்த வாளியத் தொட்டுப் பாத்தது நீ மட்டும்தான். டாக்டருக்கு வேணுங்கறது அதுதான். தேதி தேதியா எழுது."

ஆஸ்பத்திரியில் முதலில் காது பார்த்தார்கள், பிறகு தைராய்டு, மனச்சோர்வு. இதிலெல்லாம்கூட இப்படி வருமாம். காதிலிருந்து அழுக்கு எடுத்தார்கள். தைராய்டு குறைந்திருந்தது, மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் சுறுசுறுப்பு வந்தது, முட்டை ஓடு எந்த வாளிக்கு என்பது மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது ஞாபக சக்தி டாக்டர், இந்தப் படிவம்.

தொழிற்கூடத்தில் யாரும் அவரை நிறுத்தவில்லை. மடிக்கும் வேலைக்குப் பதிலாக மூடி போடும் வேலை, எதிரே அவர் கையே மூடி போட்டுக் காட்டும் படம், அவருடைய பழைய நாற்காலி அதே இடத்தில். ஆறு மாதம் நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை.

சுண்டுவிரல் இடத்தில் எழுதிவிட்டேன்: மார்ச் 11.

7

[பேனா வேறு. இது மறுநாள்.]

காலையில் அம்மா படிவத்தைப் படித்தாள். நான் அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் பேனாவை எடுத்து என் தேதியை அடித்தாள்.

"ஜனவரி," என்றாள். "புது வருஷத்துல இருந்து அவன் சட்டைப் பொத்தான நான்தான் போட்டுவிடறேன். உனக்குத் தெரிஞ்சா நீ பயப்படுவியேன்னு சொல்லல."

ஒரே வீட்டில், ஒரே ஆளை, ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேர் மறைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும். என் நகத்தைப் பிடித்து, "கழுவினியாடி?" என்றாள்.

8

முடிவுகள்.

ஒன்று: மருந்து வேலை செய்தது. [அடித்துவிட்டேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.]

இரண்டு: அடுத்த பிறந்தநாள் வீடியோவில் பெயர் சொல்லும் இடம் வருகிறது. மாமா என்னைப் பார்த்து

[இதையும் விட்டுவிடுகிறேன்.]

மூன்று, நடந்தது: இன்று சாயங்காலம், ஏழு மணி, படிக்கட்டு. ஒரு வாளியில் பன்றிப் படமும் இன்னொன்றில் செடிப் படமும் நான் ஒட்டியிருக்கிறேன். மாமா முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார், செடியில் போட்டார். லின் அத்தை பையைத் திறந்து காட்டினார். மெதுவாகப் பேச வேண்டும், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படிவத்தோடு கொடுத்த தாளில் இருந்ததை அம்மா போன வாரமே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். "யோங்-ஃபூ... நல்லா... இருக்கியாப்பா?" என்றார் அத்தை. போலீஸ் என்று சொல்லவில்லை. பையில் எலும்பும் இல்லை.

அவர் போனபின் மாமா என் முழங்கையை இடித்தார்.

"குட்டி, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?"

"இல்ல மாமா. ஒரு தப்பும் இல்ல."

தூரத்தில் பாட்டுக் கேட்டது. அவர் வாளியைத் தூக்கினார், ஆனால் நகரவில்லை.

"அப்புறம் ஏன் இப்பல்லாம் யாருமே என்னத் திட்ட மாட்டேங்கறாங்க?"