பிரெஞ்சுச் சாமியார் கேக்

தங்கை ஜெயசீலி எழுதும் நாவல்களைச் சவரிராயன் படுத்துக்கொண்டு படித்ததே கிடையாது. மேசை முன்னால் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு, கையில் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிகள் தாமதமாக வந்திருக்கின்றன, தான் வந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்.

ஜெயசீலி வங்கி வேலை முடிந்த கையோடு எழுத உட்கார்ந்தவள். அவள் கதைகளில் கொலை கிடையாது, கத்தி கிடையாது. சமயநல்லூரில் மெஸ் நடத்தும் பாண்டீஸ்வரி என்கிற அம்மாள் ஒரு வாய் குழம்பை நாக்கில் விட்டுப் பார்த்தே திருடனைப் பிடித்துவிடுவாள். 'காணாமல் போன கருவாடு' வந்தபோது மதுரையில் பல வீட்டு அடுப்படிகளில் அந்தப் புத்தகம் மஞ்சள் கறையோடு கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒற்றுப்பிழை என்றார் சவரிராயன். தங்கையைப் பற்றிய பெருமையை அதற்கு மேல் வெளிக்காட்ட அவருக்குத் தெரியாது.

இந்த வருடம் ஆகஸ்டில் அவள் கொண்டுவந்து கொடுத்த கதைக்கு 'கிறிஸ்துமஸ் முறுக்கு டின்' என்று பெயர். படித்துக்கொண்டே போனவர் பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டார். அது அவர் வீட்டுக் கதை.

அவர்கள் ரயில்வே காலனியில் குடியிருந்த காலத்தில் நடந்தது. ரம்ஜானும் கிறிஸ்துமஸும் அடுத்தடுத்து வந்த வருடம். அம்மா அன்னம்மாள் அச்சுமுறுக்குச் சுட்டு ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய அடுக்கி வைத்திருந்தாள். பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம் அப்பாவும் சவரிராயனும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால், டின்னையே காணோம். நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். டின்னோடு முறுக்குத் தின்கிற நாய் எந்த ஊரில் இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஜெயசீலியின் கதையில் நாய் இல்லை. டின்னை முந்தானையில் மூடிப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனவள் அந்த வீட்டு அம்மாவேதான். எங்கே, எதற்கு என்று எழுதவில்லை. கடைசி அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத்தாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாகமலை புதுக்கோட்டையிலிருந்து அவள் சாப்பிட வந்தபோது சவரிராயன் காத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவைத் திருடி ஆக்கிட்டயே, ஜெயா."

"நான் எங்கண்ணே ஆக்குனேன்? என் கண்ணால பார்த்தேன். பாவாடைக்கு ஊக்குத் தேடிப் பின்கட்டுக்குப் போனப்ப, அம்மா டின்னைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க."

"ஏழு வயசுல பார்த்ததெல்லாம் எழுபது வயசுல சாட்சி ஆகுமா?"

"எழுபது உங்களுக்கு. எனக்கு வர இன்னும் நாள் கிடக்கு."

"சிரிக்காத. இது அச்சுக்குப் போச்சுன்னா, கிறிஸ்துமஸ் அன்னிக்கு நான் பந்தியில உட்கார மாட்டேன். கேக்கும் வெட்ட மாட்டேன். கோயில் வாசல்ல நின்னு பேசுவாய்ங்க, சவரிராயன் ஆத்தா முறுக்கு டின்னைக் கடத்துனவளாம்னு."

அந்த மிரட்டல் சாதாரணமானதல்ல. ஞானஒளிவுபுரத்தில் சவரிராயன் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் என்றால் ஒரு தனி மரியாதை உண்டு. கடைகளில் விற்கிற பஞ்சு கேக் அல்ல. ரவையும் முட்டையும் பாலும் நெய்யும் கிளறி, அகலத் தட்டில் ஊற்றி, அடியில் கங்கும் மூடி மேல் கங்குமாக வைத்துச் சுடுவது. அம்மா காலத்து முறை. அடுப்பில் வேறு எந்த மாற்றம் வந்தாலும் இந்தக் கேக்குக்கு மட்டும் இன்றைக்கும் கரி வாங்கி வந்தாக வேண்டும். பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் தங்கள் பூட்டிக்கு நேரில் சொல்லிக் கொடுத்த பக்குவம் என்று சவரிராயன் எழுந்து நின்று சொல்லி, அப்புறம்தான் கத்தியை எடுப்பார். அந்தப் பேச்சு இல்லாமல் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் தொடங்கியதில்லை.

ஜெயசீலி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாள். "சரிண்ணே. அப்ப உண்மை என்னன்னு நீங்களே கண்டுபுடிச்சுக் கொண்டாங்க. கடைசி அத்தியாயம் காலியாத்தானே கிடக்கு? நீங்க சொல்றதை அப்படியே எழுதறேன்."

"நான் சொன்னதை மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டேன். நீங்களும் மாத்திச் சொல்லக் கூடாது."

"சவரிராயன் வாக்கு."

மறுநாள் காலையில் அவர் ரயில்வே ஆளுக்கே உரிய முறையில் யோசித்தார். அந்தப் பழைய வீட்டின் பின்வாசல் வழியாகப் போனால் கிணற்றடி. அதை விட்டால் ரயில்வே கார்டு சேக் இஸ்மாயில் வீட்டு அடுப்படி. வேறு பாதை கிடையாது. முறுக்கைக் கிணற்றில் போட அம்மாவுக்கு என்ன கிறுக்கா? ஆகவே சேக் இஸ்மாயில் வீடு. அந்த வீட்டு ஆட்களில் இப்போது மிஞ்சியிருப்பவள் அவருடைய மகள் ஹஃபீஸா ஒருத்திதான். மகன் ரோஷனோடு மகபூப்பாளையத்தில் இருக்கிறாள். வருடா வருடம் ரம்ஜானுக்கு அங்கிருந்து பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும். கேக்கைச் சவரிராயனே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார். பிரெஞ்சுச் சாமியார் கதையையும் வாசலில் நின்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, துணிப்பையில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வைத்துக்கொண்டு கிளம்பினார். சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போவது அதுவே முதல் தடவை.

கதவைத் திறந்த ரோஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்க மாமா, வாங்க. அம்மா மாடியில துணி காயப் போடுறாங்க, இப்ப வந்துருவாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். வந்தவருக்கு எதையாவது கொடுக்க வேண்டுமே என்று உள்ளே ஓடி, மூடி வைத்திருந்ததில் இரண்டு துண்டு எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினான்.

வெளியில் வாங்கிய பலகாரத்தைச் சவரிராயன் தொடமாட்டார். இது வீட்டில் செய்தது, மறுத்தால் மரியாதைக் குறைவு. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

மேலே கருஞ்சிவப்பாகத் தணல் பட்ட தோல். உள்ளே மணல் மணலாக ரவை. பல்லில் முந்திரி. நெய் நாக்கில் இறங்கி, கடைசியில் ஏலக்காய் மெல்ல வந்து சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு தின்றிருந்தால், தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மேசை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று சத்தியம் செய்திருப்பார்.

அதே நேரம் மாடிப்படியில் இறங்கி வந்த ஹஃபீஸா தட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"யா அல்லா! அதை எதுக்குடா அவருக்குக் குடுத்த?"

சவரிராயன் எழுந்துவிட்டார். முதுகு இன்னும் நிமிர்ந்தது. "ஹஃபீஸா, எங்க பூட்டி கேக்கை உங்க வீட்டுல யாரு செஞ்சது? பக்குவத்தை யார்கிட்ட வாங்குனீங்க?"

ரோஷன் விழித்தான். "மாமா, இது தம்ரூட்டு. எங்க வீட்டுல எல்லா விசேஷத்துக்கும் செய்யறதுதான். அம்மாவைப் பெத்த நன்னிமா காலத்துல இருந்து..."

"நன்னிமாவா? பிரெஞ்சு சாமியாரு எங்க பூட்டிக்கு..."

அவரால் முடிக்க முடியவில்லை. ஹஃபீஸா படியிலேயே உட்கார்ந்து, முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ரோஷன் பயந்துபோய்த் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்தான்.

"உட்காருங்கண்ணே. மாட்டிக்கிட்டேன். இனி மறைச்சு என்ன ஆகப் போகுது?" என்றாள் மூச்சு வந்ததும். "எதுக்கு வந்தீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல."

முறுக்கு டின் என்றார் சவரிராயன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அந்த டின்னு எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. உங்கம்மா அந்த வருசம் கேக்கு மாவு கரைச்சுப் பேக்கரிக்குக் குடுத்து விட்டாங்க, ஞாபகம் இருக்கா? அது கரிக்கட்டையா திரும்பி வந்துருச்சு. விடிஞ்சா பங்குச் சாமியாரும் உங்கப்பா ஆபீசரும் வாராங்க. உங்கம்மா பின்வாசல்ல நின்னு அழுகுறாங்க. எங்கம்மா, 'அழுவாத அன்னம்மா, ரம்ஜானுக்கு வாங்குன ரவையும் நெய்யும் அம்புட்டும் இருக்கு'ன்னு சொல்லி, உங்க தட்டுலயே கிளறி ஊத்துனாங்க. கங்குக்கு விசிறுனது நான். கை கழண்டு போச்சு."

"டின்னு?"

"வெறுங்கையோட எப்படி வாங்கிட்டுப் போறதுன்னு உங்கம்மா ஓடிப் போயி டின்னோட தூக்கிட்டு வந்துட்டாங்க. வேணாம்னாலும் கேக்கல. அந்த முறுக்கை நாங்க பொங்கல் வரைக்கும் தின்னோம்."

சவரிராயனுக்குக் கரிந்த தட்டும் நினைவில்லை, அழுத அம்மாவும் நினைவில்லை. விடிந்ததும் மேசையில் இருந்த கேக்தான் நினைவிருந்தது.

"அப்புறம் வருசா வருசம்?"

"உங்கம்மா எங்க அடுப்படியில வந்து நின்னு கத்துக்கிட்டாங்க. எங்கம்மா வீட்டுல ஒரு சட்டம் போட்டுட்டாங்க. தம்ரூட்டு ஊருக்கெல்லாம் போகலாம், அன்னம்மா வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது. போச்சுன்னா அன்னம்மா மானம் போயிரும். யோசிச்சுப் பாருங்கண்ணே. ரம்ஜானுக்கு வட்டலாப்பம் அனுப்பியிருக்கோம், பிரியாணி அனுப்பியிருக்கோம். ஒரு தடவையாச்சும் இது வந்துருக்கா?"

சவரிராயன் யோசித்துப் பார்த்தார். வரவே இல்லை.

"அம்மா மௌத்தான பொறகும் நான் அனுப்பல. ஆனா நீங்க விடலையே! எங்க கேக்கை எங்களுக்கே கொண்டாந்து குடுத்து, வாசல்ல நின்னு பிரெஞ்சு சாமியாரு கதையையும் சொல்லிட்டுப் போவீங்க. நீங்க தெருமுனை தாண்டுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருப்போம். அதுக்கு மேல முடியாது."

கிளம்பும்போது அவருடைய துணிப்பையை அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பை கனத்தது. "இனிமே அனுப்பலாம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

நடந்தே வந்தார். பிரெஞ்சுச் சாமியார் எங்கிருந்து வந்தார் என்று யோசித்துக்கொண்டே வந்தவருக்கு அரசரடி தாண்டும்போது பிடிபட்டது. அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் பங்குச் சாமியார் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார் வீட்டில் இதே மாதிரி ஒன்று சாப்பிட்டதாகச் சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். கதையில் பூட்டி எப்போது வந்து சேர்ந்தாள் என்பதை மட்டும் சவரிராயன் ஆராய விரும்பவில்லை.

வீட்டு வாசல் வரும்வரை அவருக்குள் ஒரு வழக்கு நடந்தது. நாய்தான் என்று சொல்லிவிடலாம். அப்பா சொன்ன தீர்ப்பு, பழைய தீர்ப்பு. அம்மா தப்பித்துவிடுவாள். பிரெஞ்சுச் சாமியாரும் தப்பித்துவிடுவார். வருகிற கிறிஸ்துமஸுக்கும் எழுந்து நின்று பேசலாம். கேட்பவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவள் இத்தனை வருடம் வாயைத் திறக்காதவள், இனியும் திறக்க மாட்டாள். அங்கேதான் அவருக்கு இடித்தது. இந்த வீட்டு மானத்துக்குத் தானே காவல் என்று இத்தனை காலம் நிமிர்ந்து நடந்திருக்கிறார். காவலோ அடுத்த வீட்டு அடுப்படியில் இருந்திருக்கிறது. கையில் பை கனத்தது. அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, பதிலுக்கு நாயையா கொடுப்பது?

உள்ளே, ராத்திரி அங்கேயே தங்கிவிட்ட ஜெயசீலி பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். "என்னண்ணே, நாயா?"

சவரிராயன் பையைப் பிரித்து மேசையில் வைத்தார். "தின்னு பாரு. பாண்டீஸ்வரி நாக்கால தின்னு பாரு."

தின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே வரவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சுண்ணே. மேலூர் பிராஞ்சுல இருந்தப்ப ஒரு நிக்காஹ்ல தின்னேன். டின்னையும் இதையும் சேர்த்துப் பார்த்தேன். நான் வந்து சொன்னா நம்பியிருப்பீங்களா?"

"வீட்டை விட்டு வெரட்டியிருப்பேன்."

"அதான் உங்களையே அனுப்புனேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுது. அம்மா எடுத்துட்டுப் போனது திருட்டு இல்ல. வெறுங்கையோட கை நீட்டக் கூடாதுன்னு போட்ட சீர். ஹஃபீஸா அம்மா பேரை மைமூன் பீவின்னு தெளிவாப் போடு. உண்மைப் பேரு."

"பூட்டியை என்ன செய்யட்டும்?"

"எடுத்துரு."

"பிரெஞ்சு சாமியாரு?"

சவரிராயன் மேசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். "அவரு புதுச்சேரியிலயே இருக்கட்டும்."

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஹஃபீஸாவும் ரோஷனும் வந்திருந்தார்கள். அச்சில் வந்த புத்தகம் கேக்குக்குப் பக்கத்தில் இருந்தது. சவரிராயன் வழக்கம்போல் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். முறுக்கு டின்னிலிருந்து தொடங்கி, கரிந்த தட்டு, மைமூன் பீவி, கங்கு, விசிறி என்று ஒன்று விடாமல் சொன்னார். "ஒரு கேக்குக்காக இத்தனை வருசம் வாயை மூடிக்கிட்டு இருந்த பக்கத்து வீடு இந்த ஊர்ல வேற யாருக்காவது வாய்ச்சிருக்கா?" என்று கேட்டுச் சபையை ஒரு பார்வை பார்த்தார். பெருமையில் ஒரு அங்குலமும் குறையவில்லை. அது நிற்கிற இடம் மட்டும்தான் மாறியிருந்தது.

பிறகு கத்தியை ஹஃபீஸாவிடம் நீட்டினார். அவள் பிஸ்மில்லா சொல்லி வெட்டினாள். முதல் துண்டைத் தானே வாயில் போட்டு, கண்ணைச் சுருக்கி மென்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லட்டுமாண்ணே?"

"சொல்லு."

"மேல் கங்கு பத்தல."

அந்தக் கேக்கில் குறை சொன்ன முதல் ஆள். சவரிராயனின் முதுகு விறைத்தது. ஜெயசீலி சிரிப்பை அடக்கப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"பத்தாதுதான்" என்றார் கடைசியில். "விசிறத் தெரிஞ்சவ மகபூப்பாளையத்துல உட்கார்ந்திருந்தா எப்படிப் பத்தும்? அடுத்த வருசம் முதல் நாளே வந்துரு."