டிரா கேட்டவர்

இருபத்தேழாவது நகர்த்தலை ஆடிவிட்டு, ஆறுச்சாமி தலைநிமிராமலே கேட்டார்: "டிரா வெச்சுக்கலாமுங்களா?"

அன்னமேரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் மாநிலத் தரப்பட்டியலில் மூன்றாமவர். இந்தக் கடைசிச் சுற்றில் ஜெயித்தால் பட்டம் அவருக்குத்தான். அவளோ எந்தப் பட்டியலிலும் இல்லாத பள்ளிவாசல் எஸ்டேட் டீச்சர். எழுபத்தேழாம் வருஷத்து மே விடுமுறையில் சித்தூருக்கு ஒருநாள் சதுரங்கப் போட்டியில் ஆட வந்தவள். இவர் எதற்காகத் தன்னிடம் சமாதானம் பேச வேண்டும்? எங்கோ கண்ணி வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

தன் ராஜாவைச் சுற்றிக் கட்டம் கட்டமாகத் துழாவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அதுவே பயத்தைக் கூட்டியது. கால் மணி நேரம் கழித்து, டிராவுக்குச் சம்மதித்துக் கையை நீட்டினாள்.

அந்த அரைப்புள்ளியால் பெண்களுக்கான பரிசு, அதுவரை முன்னணியில் இருந்த கமலாத்தாளிடமிருந்து நழுவி அன்னமேரிக்கு வந்தது. கமலாத்தாளின் அண்ணன் குப்பண்ணன் நேரே நடுவரிடம் போனார். காலையில் பஸ் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நின்றபோது அன்னமேரியும் ஆறுச்சாமியும் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தாராம். பேசிவைத்து ஆடிய ஆட்டம் என்றார்.

நடுவர் எல்லோர் முன்னாலும் விசாரித்தார்.

"சித்தூர்ல எங்க இறங்கணும்னு கேட்டேன் சார். வேற ஒண்ணும் பேசல" என்றாள் அன்னமேரி.

யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. அவளுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ஐயோ பாவம் என்று விட்டுக்கொடுத்தாரோ? குப்பண்ணன் சொன்னதைவிட அதுதான் அதிகம் சுட்டது.

ஆறுச்சாமி காய்களை, டிரா கேட்டபோது இருந்தபடியே அடுக்கினார்.

"அவுங்க ஆனையைக் குடுத்து இந்தச் சிப்பாயை வெட்டியிருந்தா, மூணே நகர்த்தல்ல எனக்குச் செக்மேட்டுங்க. காயை வெச்சுக் கையெடுத்த பொறகுதான் பார்த்தேன். அவுங்க பாக்கறதுக்குள்ள டிரா கேட்டுட்டேன்."

நடுவர் ஆடிப்பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. குப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். கூட்டமும் கலைந்தது.

அன்னமேரி பலகையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. கால் மணி நேரமும் தன் ராஜாவையே காவல் காத்தவள், எதிரே இருந்த ராஜாவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"நான் யோசிச்சிட்டிருந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"முதுகெல்லாம் வேர்த்து ஊத்திப்போச்சுங்க."

கோபப்படத்தான் நினைத்தாள், சிரிப்பு வந்துவிட்டது. காய்களை மறுபடி அடுக்கச் சொன்னாள். அவர் அடுக்கினார். யானையை எடுத்து, தன் கையாலேயே அந்தச் சிப்பாயை வெட்டினாள்.