மூலையில் நின்ற மந்திரி

என் பெண்டாட்டி கோகிலா செஸ் ஆடுவதைப் பார்த்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். ஆடத் தெரியாதவள் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பரமக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. போனில் ஆடிப் பழகி நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன், இப்போது என்னையே ஓட ஓட விரட்டுகிறாள். ஆனால் அருமையாக ஆடிக்கொண்டே வந்து, ஜெயிக்கப் போகிற நேரத்தில் ராணியைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். போன வருஷம் மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்திலும் அதுதான் நடந்தது. ஊர் வந்து சேரும் வரை பஸ் ஜன்னலைப் பார்த்தபடி அழுதுகொண்டே வந்தாள்.

காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். எல்லாம் இந்த வத்தல்தான். எங்களுக்கு மிளகாய் வெள்ளாமை. களத்தில் காய்ந்த வத்தலைக் குவித்துப் போட்டு, நிறம் வெளுத்த சண்டு வத்தலைத் தனியாகப் பொறுக்குவாள். அந்த வேலைக்குத் தலையைத் தூக்கவே வேண்டாம். கைக்கு எட்டுகிற இடத்தைப் பார்த்தால் போதும். முடிந்ததும் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். போர்டையும் அப்படித்தான் பார்க்கிறாள். தன் பக்கம் ஒரு சிப்பாய் அசைந்தாலும் தெரியும், எதிர் மூலையில் நிற்கிற மந்திரி கண்ணில் படமாட்டான்.

"எதிராளி நகர்த்துனதும் நாலு மூலையையும் பாரு புள்ள. அதுக்கப்புறம் காயைத் தொடு" என்று வருஷம் பூராவும் கத்தினேன்.

"பாக்கத்தான செய்யிறேன். சும்மா வையாதீக" என்பாள்.

இந்த வருஷம் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. மறுபடியும் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டாள். ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம், அடுத்த மாதம் திருச்சியில் மாநிலப் போட்டி. தோற்றால் மறுபடியும் அந்த பஸ் ஜன்னல்தான். எதிரே லாமியா என்று ஒரு கல்லூரிப் பெண், அமைதியாக இருந்தே ஆளை முடிக்கிற ரகம். பார்வையாளர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து போர்டு நன்றாகத் தெரிந்தது.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. அப்போது லாமியா தன் யானையைக் காவலே இல்லாமல் கோகிலாவின் குதிரை வெட்டுகிற கட்டத்தில் கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பகீரென்றது. குதிரை நகர்ந்தால் எதிர் மூலையில் நிற்கும் மந்திரிக்கு வழி திறந்துவிடும். அவன் குறுக்கே வந்து ராணியை அடித்துவிடுவான். கோகிலாவின் கை குதிரையை நோக்கிப் போனது. தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும்.

"ஏ கூறுகெட்டவளே, மூலையைப் பாரு!" என்று தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். இருமினால்கூடச் சாடை என்பார்கள். என் வாயை எனக்குத் தெரியும், அதை நம்ப முடியாது. எழுந்து விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். மண்டப வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பாவம் இந்தப் பிள்ளை, பாவம் இந்தப் பிள்ளை என்று முனங்கினேன். உள்ளே போகவே பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"செயிச்சுட்டேன்" என்றாள். "ராணிய நகத்தி முதல்ல செக் வச்சுட்டேன். அவ ராஜாவ நகத்தவும், யானையத் தூக்கிட்டேன்."

நடுவாசலில் நிற்கிறோம் என்பதைக்கூட மறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "மூலையில மந்திரி நின்னானே, எப்படிப் பாத்த?"

"நீங்க எந்திரிச்சுப் போனதாலதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போனதையே சாடையாக எடுத்துக்கொண்டாளோ? "மெதுவாப் பேசு புள்ள. என்ன சொல்ற?"

"அட, அதில்ல. வீட்டுல காயைத் தொடுறதுக்கு முன்னாடி ஒங்க மூஞ்சியத்தான் பாப்பேன். கோணுச்சுன்னா கையை எடுத்துக்கிருவேன். அப்படியே பழகிப்போச்சு. போன வருசமும் திரும்பிப் பாத்தேன். பக்கத்து ஆளுகூடப் பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தீக. சரின்னுட்டு வச்சேன், ராணி போச்சு. இன்னைக்குத் திரும்பிப் பாத்தா நாற்காலி காலி. வேற என்ன செய்ய? போர்டத்தான் பாக்க வேண்டியதாப் போச்சு."

வருஷம் முழுக்க வத்தலைக் குறை சொல்லித் திரிந்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மெல்லக் கேட்டேன். "திருச்சிக்கு நானும் வாரேன், என்ன?"

"வாங்க. நீங்க இல்லாம நான் எப்படிப் போவேன்?" என்றவள், கொஞ்ச தூரம் போய் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "ஹாலுக்குள்ள மட்டும் வராதீக."